ஏழு வீட்டுத் தண்ணீர்

ஜிபார்குல் அக்கா முதன்முதலாக எங்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது அவர் காலில் இருந்தது ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ். அதுவும் இரண்டு அளவு பெரியது. பூட்ஸ் முன்னால் போக, அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தார். டவுனில் அவர் கணவர் செருப்புத் தைக்கிறவர். தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க வராதவர்களின் பூட்ஸ்தான் கடைசியில் அக்கா காலுக்கு வரும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவரைப் பார்த்ததும் நான் உமுத்கானிடம் சொன்னது இதுதான்: "வந்துட்டா பாருங்க, இன்னொரு கிராண்ட் தின்னி."

உமுத்கான் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கும் அவளுக்கும் எதிலும் ஒத்துப்போகாது, ஆனால் அன்று ஒத்துப்போனது. கிராண்ட் என்று வரும் வெளிநாட்டுக் காசில் சங்கம் வைத்திருக்கிறவர்கள் மீது எங்களுக்கு அவ்வளவு நல்ல எண்ணம். வருவார்கள், பேனர் கட்டுவார்கள், பயிற்சி என்று சொல்லி உட்காரவைத்து பன் கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வருடம் வேறு பேனர் வரும்.

ஜிபார்குல் அக்கா பேனர் கொண்டுவரவில்லை. நீலநிறப் பை ஒன்று கொண்டுவந்தார். அதில் பாதி ஐஸ் கட்டி, பாதி காலிப் பாட்டில், ஓரத்தில் அவருடைய மதியச் சாப்பாடு. இருபத்திரண்டு வருடம் டவுன் ஜாம் ஃபாக்டரியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஆப்ரிகாட் ஜாமில் கெட்டுப்போனது எது, கெடப்போவது எது என்று மூக்கிலேயே கண்டுபிடிப்பாராம். ஃபாக்டரியை இழுத்து மூடியபோது கூட வேலை பார்த்த பெண்கள் சந்தைக்குப் போனார்கள், ரஷ்யாவுக்குப் போனார்கள். இவர் குப்பையில் கிடந்த கண்ணாடிக் குழாய்களைப் பொறுக்கித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற வக்கீலம்மா ஒருவர், கம்ப்யூட்டர் தெரிந்த பெண் ஒருத்தி, இவர், ஆக மூன்று பேர். கணவரின் செருப்புக் கடைக்குப் பின்னாலிருந்த அறைதான் சங்கம். பசை நாற்றம் தாங்காமல் பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நர்ஸ் எழுதிப்போட்ட கடிதத்தைப் பார்த்துத்தான் வந்தார். எங்களுக்கு மேலே மலையில் கம்பெனிக்காரர்களின் சுரங்கம் இருக்கிறது. அதன் கழிவுக் குட்டையைத் தாண்டித்தான் எங்கள் வாய்க்கால் கீழே இறங்கி வர வேண்டும். ஐந்து வருடமாகக் கன்றுகள் செத்துப் பிறந்தன. வாய்க்காலில் விளையாடிய பிள்ளைகளின் கை முழங்கைவரை வெடித்தது. இந்த லட்சணத்தில் இரண்டாவது குட்டை வெட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. முதல் குட்டையைவிட நாலு மடங்கு பெரியது, சரியாக எங்கள் மதகுக்கு மேலே. அனுமதி கொடுப்பதற்கு முன் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவார்கள். தண்ணீர் கெட்டிருக்கிறது என்பதற்கு அந்தக் கூட்டத்துக்குள் எழுத்தில் ஆதாரம் காட்டவேண்டும். இல்லாவிட்டால் அனுமதி கிடைத்துவிடும், பிறகு நாங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வேறு ஊர் தேடவேண்டியதுதான்.

அக்கா வாய்க்கால் ஓரமாக நடந்து ஏழு வீடுகளைத் தேர்ந்தெடுத்தார். மூன்றாவது வீடு என்னுடையது. டீ கொடுத்தேன். குடித்துவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"காலைல சரியா அஞ்சு மணிக்கு, மாடு இறங்குறதுக்கு முன்னாடி, வாசல் வாய்க்கால்ல இதை முக்கி எடுத்து மூடி வெச்சிருங்க சைகால். ஏழு வீட்டுலயும் ஒரே நேரத்துல எடுக்கணும். நான் ஒருத்தி ஏழு இடத்துல நிக்க முடியாதே, அதான் உங்களுக்குத் தொந்தரவு."

"இதுல என்னமோ எழுதியிருக்கே?"

"உங்க பேருதான். சைகால் வீட்டுத் தண்ணி."

"இது எங்க போகும்?"

"பிஷ்கெக் போகும். தலைநகர்ல பெரிய சோதனைச்சாலை. படிச்சவங்க பாப்பாங்க."

அவர் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பாட்டிலை வாய்க்காலில் முக்கினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறம். ஒரு வைக்கோல் துண்டு. அடியில் வண்டல். மூடியைத் திறந்தால் துரு வாடை. அதன் மேல் அழகான கையெழுத்தில் என் பெயர். நான் கல்யாணமாகி வந்து முப்பத்தொரு வருடம். இந்த வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியின் கையிலும் இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. எங்களில் எவளும் கொடுத்ததில்லை. வாய்க்கால் தண்ணீர் எங்களுக்கும் மாட்டுக்கும். விருந்தாளிக்கும் கைக்குழந்தைக்கும் மேலே ஊற்றுத் தண்ணீர், கழுதைமேல் கேன் கட்டி ஒரு மணி நேரம் ஏறிப்போய்க் கொண்டுவருவது. பிஷ்கெக்கில் வெள்ளைக் கோட்டுக்காரி ஒருத்தி பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "யாரும்மா இந்த சைகால், மனுஷியா?" என்று கேட்பது என் காதில் விழுந்தது.

பாட்டிலைக் கவிழ்த்தேன். மூன்று தடவை அலசினேன். ஊற்றுத் தண்ணீரை நிரப்பி, துணியால் துடைத்து, மூடினேன். மனது நிறைந்துபோனது. அக்கா வந்து இரண்டு கையாலும் வாங்கி நீலப் பையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் கொஞ்சம் பெருமையாகக்கூட நின்றேன். புத்தி கெட்டவள் என்று என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள், நானே திட்டி முடித்துவிட்டேன்.

இருபது நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். நேராக என் வீட்டுக்கு. டீயை வாங்கி மெதுவாகக் குடித்தார்.

"முடிவு வந்திருச்சு சைகால். தண்ணி சுத்தமாம்."

"கடவுள் கருணை," என்றேன்.

"ஏழு பாட்டில்லயும் துளி மண்ணு இல்லையாம். பனி உருகுற மாசத்துல, வாய்க்கால் தண்ணில, மண்ணே இல்ல. ஒரு பாட்டில்ல காஸ் குமிழி வேற வந்துச்சுன்னு சோதனைச்சாலைப் பொண்ணு போன்ல சிரிக்கறா." கிண்ணத்தைப் பார்த்தார். "டீ நல்லா இருக்கு. எந்தத் தண்ணி?"

"வாய்க்கால்தான்," என்றேன்.

கழுதை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் கேன்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அவர் கழுதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். கேட்கவில்லை. "இன்னும் அரைக் கிண்ணம் ஊத்துங்க," என்றார். ஊற்றினேன், பாதி விரிப்பில் சிந்தியது.

நல்லதோ கெட்டதோ, வந்த முடிவை ஊர் பார்க்கிற இடத்தில் ஒட்டுவது அவர்கள் சங்கத்து வழக்கம். அன்றே பள்ளிக்கூடக் கதவில் ஒட்டினார். அடியில் கையால் எழுதியிருந்தார்: 'தண்ணீர் எடுக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. முறையாக எடுக்கப்படவில்லை என்று சந்தேகிக்கிறேன். தவறு என்னுடையது. மறுபடி எடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.' சிறிய எழுத்தை யார் படிக்கிறார்கள்? பெரிய எழுத்தில் 'வரம்புக்குள்' என்று ஏழு தடவை அச்சாகியிருந்ததைத்தான் ஊர் படித்தது. பூட்ஸ்காரி விலைபோய்விட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. மினிபஸ் டிரைவர் அவரை ஏற்ற மறுத்தான். அவர் அந்தப் பூட்ஸோடு எட்டு கிலோமீட்டர் நடந்து நெடுஞ்சாலைக்குப் போனார். ஊரில் எல்லோரையும்விடச் சத்தமாக அவரைத் திட்டியது உமுத்கான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கூட்டத்துக்கு முந்தைய அந்தப் பத்து நாளை நினைத்தால் இப்போதும் என் முகத்தை எனக்கே பார்க்கப் பிடிக்காது.

ஒருநாள் கணவரிடம் மட்டும் சொன்னேன். மைராம்பெக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெளிய மூச்சு விட்ராதே. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஊர் முன்னாடி மானம் போயிரும்."

"குட்டை வந்தா ஊரே போயிரும்."

"ஊர் எல்லாருக்கும் போகும். மானம் நமக்கு மட்டும் போகும்," என்றார். பாவம், அவர் கணக்கு அப்படி. நானும் அந்தக் கணக்குக்குத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. முன்னால் மேஜை. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, வயதானவர், எதையும் பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்கிறவர். பக்கத்தில் கம்பெனி சார்பாக டெமிர்லான் என்கிற இளைஞன், இஸ்திரி கலையாத சட்டை. அவர்களுக்கு நாங்கள்தான் டீயும் ரொட்டியும் வைத்தோம். ஓரத்து நாற்காலியில் ஜிபார்குல் அக்கா. அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

டெமிர்லான் எழுந்தான். "இது எங்க ரிப்போர்ட் இல்லைங்க. உங்களுக்காகப் பாடுபடற அக்காவோட ரிப்போர்ட். ஏழு வீடு, ஏழும் சுத்தம். எங்க ஆபீஸ்ல வர்ற தண்ணியவிட சுத்தம். அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க?"

"எவ்வளவு வாங்கினே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அக்கா எழுந்தார். "தண்ணி எடுத்தப்ப நான் கூட நிக்கல. தப்பு என்னோடது. இன்னொரு தடவை எடுக்க விடுங்கன்னு கேட்டிருக்கேன்."

"ஏன், ரேட்டை ஏத்திட்டாங்களா?"

மண்டபம் சிரித்தது. அவர் நின்றுகொண்டேயிருந்தார். யாரோ தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். என் வரிசை வந்ததும் கண்ணைத் தூக்கி அடுத்த வரிசைக்குப் போனார். என்னைப் பார்த்தால் மற்றவர்களும் என்னைப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதுகூட என்னை மறைத்து வைத்துக்கொண்டிருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"அதிகாரி ஐயா, அது எங்க வாய்க்கால் தண்ணியே இல்ல."

மைராம்பெக் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு. மானம் போகுது."

"போகட்டும்," என்றேன். "அந்தம்மா வாய்க்கால்ல எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். சாக்கடை மாதிரி இருந்துச்சு. மேல என் பேரு எழுதியிருந்துச்சு. எனக்கு வெக்கமா போச்சு. கொட்டிட்டு ஊத்துத் தண்ணிய ஊத்திக் குடுத்துட்டேன். கேட்டப்பவும் பொய் சொன்னேன். அவங்க யாருகிட்டயும் ஒரு காசு வாங்கல. நான்தான் ஏமாத்தினேன்."

அப்போது உமுத்கான் எழுந்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான் அவள் முப்பத்தொரு வருடம் காத்திருந்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "ஊத்துத் தண்ணிய அப்படியேவா ஊத்திக் குடுத்தே? நான் காய்ச்சி, வடிகட்டி, ஆறவெச்சுல்ல குடுத்தேன்!"

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மண்டபம் அதிர்ந்தது. வாய்க்கால் கடைசி வீட்டுப் புது மருமகள் எழுந்து, தலைத்துணி நுனியை வாயில் கடித்துக்கொண்டு, "நான் கடையில வாங்குன பாட்டில் தண்ணி ஊத்துனேன், காஸ் போட்டது," என்றாள். அவள் மாமியார் இடித்தாள்: "அதையாவது மூடாம வெச்சு காஸைப் போக்கியிருக்கக் கூடாதா?" ஏழு வீடும் அதே கதைதான். ஒருத்திக்கொருத்தி பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால், யார் வீட்டுத் தண்ணீர் தெளிவு என்று போட்டியே நடந்திருக்கும்.

டெமிர்லான் சிரிக்கவில்லை. கெட்டிக்காரன். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான்.

"சரிங்க. பொய் சொன்னோம்னு அவங்களே ஒத்துக்கறாங்க. அப்ப கன்னு செத்துச்சு, புள்ளைக்குக் கை வெடிச்சுதுன்னு இவங்க சொல்றதையெல்லாம் எப்படி நம்பறது?"

அக்கா இத்தனை நாள் எதற்காக வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன்.

உமுத்கான் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். "தம்பி, உன் கையில இருக்கற டீ எந்தத் தண்ணின்னு நினைக்கறே?"

அவன் கிண்ணத்தைப் பார்த்தான்.

"பயப்படாதே, குடி. ஊத்துத் தண்ணி. விடியக்காலம் கழுதைய ஓட்டிக்கிட்டு நான் ஏறிப்போய் எடுத்தாந்தேன், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு. வாசல்லயே ஓடுது தண்ணி. அது நல்ல தண்ணின்னா மலை ஏற எனக்கென்ன கிறுக்கா? உன்னை எனக்குப் பிடிக்காது. நீ வந்திருக்கற வேலையும் பிடிக்காது. ஆனா விருந்தாளியாச்சே. வாய்க்கால் தண்ணிய உனக்குக் குடுக்கக்கூட எனக்கு மனசு வரல. பிஷ்கெக்குக்கு எப்படிடா அனுப்புவேன்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விருந்தாளிக்கு ஊற்றுத் தண்ணி எடுக்கப் போற வீடு எத்தனை? கை தூக்குங்க," என்றார். மண்டபம் முழுக்கக் கை. என் கணவரும் தூக்கினார், ஆனால் என்னைப் பார்க்காமல். அதிகாரி எண்ணினார், எழுதினார். வாய்க்கால் தண்ணீரை இரண்டு தரப்பும் பக்கத்தில் நிற்க மறுபடி எடுக்க வேண்டும், அதுவரை அனுமதி நிறுத்தம் என்று உத்தரவு போட்டார்.

மறு வாரம் காலை ஐந்து மணிக்கு ஏழு வாசலிலும் ஆள் நின்றது. கம்பெனி ஆள் ஒன்று, அதிகாரியின் ஆள் ஒன்று, சங்கத்து ஆள் ஒன்று. சங்கத்தில் இருப்பதே மூன்று பேர் என்பதால் மீதி வீடுகளுக்கு நர்ஸும் பள்ளிக்கூட வாத்தியார்களும் சங்கத்து ஆட்களானார்கள். என் வாசலுக்கு அக்காவே வந்தார். பாட்டிலை நான் முக்கினேன். எல்லா உண்மையும் தெரிந்த பிறகும், ஊரே சிரித்து முடித்த பிறகும், அந்தச் சாம்பல் தண்ணீரை அவர் கையில் கொடுக்க என் கை போகவில்லை. பத்து எண்ணும் நேரம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. எங்க வீட்டுத் தண்ணி இதுதான்."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊற்றுத் தண்ணீரை வாங்கிக்கொண்ட அதே மாதிரி, அதே தலை குனிவோடு. எனக்கு அழுகை வந்தது. அழுதேன், கம்பெனி ஆள் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

சீல் வைத்து முடிந்ததும் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்ல? அன்னிக்கே கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க பேரு தப்பியிருக்குமே."

"என் பேரு கெட்டா என்ன, என் ஆபீஸ்ல பசை நாத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்," என்றார். "கன்னு செத்ததைப் பாத்தது நீங்க. புள்ளை கைய மருந்து போட்டுக் கட்டுனது நீங்க. உங்க வார்த்தைய எவனும் நம்பாம போயிட்டா, நான் எதை எடுத்துக்கிட்டு எங்க போவேன்?" பிறகு பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆனாலும் நான் நினைச்சதுதான் தப்பு சைகால். நான் உங்களைப் பொத்திப் பொத்தி வெச்சேன். நீங்க ரெண்டு பேரும் எழுந்து நின்னதுதான் கேஸையே காப்பாத்துச்சு."

ஏழு பாட்டிலிலும் ஆர்சனிக் இருந்தது. எங்கள் வீட்டுப் பாட்டிலில் வரம்பைப்போல ஒன்பது மடங்கு. வக்கீலம்மா அந்தக் காகிதங்களோடு ஐந்து மாதம் கோர்ட்டுக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தார். ஒரு அலுவலகத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தே மதியச் சாப்பாடு சாப்பிட்டாராம். இலையுதிர் காலத்தில் தீர்ப்பு வந்தது: இரண்டாவது குட்டைக்கு அனுமதி இல்லை, பழைய குட்டைக்குக் கரை கட்டி மூட வேண்டும், ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போடும் செலவு கம்பெனியுடையது. கரை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. ஆனால் குழாய் வந்துவிட்டது. என் பேத்திக்கு வாய்க்காலில் இறங்கத் தடை, கையில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன். மூன்று பேரும் ஒரு பசை நாற்ற அறையும் இல்லாவிட்டால் எங்கள் கோபம் வாய்க்கால் ஓரத்திலேயே பேசித் தீர்ந்துபோயிருக்கும்.

தீர்ப்பு வந்த வாரம் ஊர் சேர்ந்து குதிரை அறுத்து விருந்து வைத்தோம். வயதில் மூத்த பெண்ணுக்குரிய மரியாதைப் பங்கு அன்று உமுத்கானுடையது. அந்தப் பங்குக்காக முன்பு அவள் சொந்தத் தங்கையோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவள். தட்டு முன்னால் வந்ததும் தொடவில்லை. துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள். "பூட்ஸ்காரிக்கு அனுப்புடி. கிராண்ட் தின்னா தின்னட்டும், இதையும் தின்னட்டும்," என்றாள்.

அக்கா வந்திருக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு ஊரில் இருந்தார். அங்கே சாயப்பட்டறைக் கழிவு. போன் போட்டேன்.

"இங்கயும் அதே கூத்துதான் சைகால்," என்றார். சிரிப்பும் களைப்புமாக இருந்தது குரல். "பாட்டில்ல கண்ணாடி மாதிரி தண்ணி குடுத்திருக்காங்க. கேட்டா, வாய்க்கால்தான்னு சத்தியம் பண்றாங்க. கூட நின்னு எடுக்கறேன்னு சொன்னா வீட்டுக்குள்ளயே விட மாட்டேங்கறாங்க. நான் சொன்னா ஏறாது. நீங்க வந்து பேசுறீங்களா?"

தலைத்துணியை இறுக்கிக் கட்டினேன். கறிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். மைராம்பெக் வாசலை மறித்து நின்றார்.

"இந்த ஊர் முன்னாடி போன மானம் பத்தாதுன்னு, அடுத்த ஊருக்கும் போயா சொல்லப்போறே?"

"ஆமா," என்றேன். "அங்க ஒருத்தி பொய் சொல்லிட்டு ராத்திரியெல்லாம் தூங்காம கிடப்பா."

அவர் வண்டிச் சாவியை எடுத்தார். "மினிபஸ் போயிருக்கும். ஏறு," என்றார்.